பெங்களூரு டு சென்னை: தீபாவளிக்கு எதில் போனால் லாபம்? உங்கள் லீவு எப்போது உறுதியாகிறது என்பதே விலையை முடிவு செய்கிறது

இந்த ஆண்டு தீபாவளி நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. பெங்களூருவில் வேலை பார்க்கும் தமிழ்க் குடும்பங்களில் ஒவ்வொரு வருஷமும் வரும் அதே கேள்விதான்: ரயிலா, பஸ்ஸா, ஃப்ளைட்டா, இல்லை காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடலாமா?

பெரும்பாலும் இதற்குப் பதிலாக ஒரு விலைப்பட்டியல்தான் கிடைக்கும். ரயில் இவ்வளவு, பஸ் இவ்வளவு, விமானம் இவ்வளவு. சாதாரண செவ்வாய்க்கிழமைக்கு அந்தப் பட்டியல் சரி. பண்டிகைக்கு முந்தின வெள்ளிக்கிழமைக்கு அது உதவாது. காரணம் எளிது: ரயிலில் விலை பெரிதாக ஏறாது, ஆனால் சீட் தீர்ந்துவிடும். தனியார் பஸ்ஸிலும் விமானத்திலும் கடைசி நாள் வரைக்கும் சீட் இருக்கும், ஆனால் விலை ஏறிவிடும்.

அதனால் "எது மலிவு?" என்பதைவிட "உங்கள் லீவு எத்தனை நாள் முன்னாடி உறுதியாகும்?" என்பதுதான் முதலில் கேட்க வேண்டிய கேள்வி. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் காலண்டரைப் பாருங்கள்

தமிழ்நாட்டில் தீபாவளி ஞாயிற்றுக்கிழமை. கர்நாடகத்தில் அதோடு முடிவதில்லை. நவம்பர் 10, செவ்வாய்க்கிழமை பலிபாட்யமி. அங்கே அது அரசு விடுமுறை. நடுவில் இருக்கும் திங்கள்கிழமை ஒரு நாள் லீவு போட்டால், சனி முதல் செவ்வாய் வரை நான்கு நாள் கையில் கிடைக்கும். வாரத்தில் ஐந்து நாள் வேலை செய்யும் அலுவலகங்களில் பலரும் இதே கணக்கைத்தான் போடுவார்கள்.

அப்படியானால் நெரிசல் எங்கே விழும்? போகும்போது நவம்பர் 6 வெள்ளி மாலையும் இரவும், 7 சனி காலையும். திரும்பும்போது 10 செவ்வாய் மாலையும் இரவும். செவ்வாய் லீவு இல்லாதவர்களும் பள்ளிப் பிள்ளைகள் இருப்பவர்களும் ஞாயிறு இரவோ திங்களோ திரும்புவார்கள்.

இதிலிருந்து ஒரு யோசனை. வியாழன் இரவு கிளம்ப முடிந்தால், அல்லது வெள்ளி, திங்கள் இரண்டு நாளும் வீட்டிலிருந்தே வேலை செய்ய அனுமதி கிடைத்தால், கீழே சொல்லப்போகும் சிக்கல்களில் பாதி உங்களுக்கு இல்லை. ஒரு நாள் தள்ளிப் போவதில் மிச்சமாகும் பணம், எந்த ஆப்பின் தள்ளுபடிக் கூப்பனிலும் மிச்சமாகாது.

ரயில்: விலை ஏறாது, சீட் தீரும்

பெங்களூரு–சென்னை தடத்துக்கு ரயில் பஞ்சம் கிடையாது. 1964 அக்டோபர் 1இல் ஓடத் தொடங்கிய பிருந்தாவன் எக்ஸ்பிரஸ் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. லால்பாக், டபுள் டெக்கர், சதாப்தி, இரவில் பெங்களூரு மெயில், காவேரி என்று வரிசை நீளும். 2022 நவம்பர் 11இல் சென்னை–மைசூர் வந்தே பாரத் வந்தது. தென்னிந்தியாவின் முதல் வந்தே பாரத் இதுதான். 2024 மார்ச்சில் இதே தடத்தில் இரண்டாவதும் சேர்ந்தது.

நேரக் கணக்கு: சுமார் 360 கிலோமீட்டர் தூரத்தை வந்தே பாரத் நாலரை மணி நேரத்துக்குள் கடக்கிறது. சதாப்திக்கு ஐந்து மணி நேரத்தை ஒட்டி ஆகும். பிருந்தாவன், லால்பாக், டபுள் டெக்கருக்கு ஏறக்குறைய ஆறு மணி நேரம்.

விலைக் கணக்கு: பகல் நேர எக்ஸ்பிரஸில் உட்கார்ந்து போகும் இரண்டாம் வகுப்பு 200 ரூபாய்க்குள். இரவு மெயிலில் ஸ்லீப்பர் 300 ரூபாய்க்குள். வந்தே பாரத் சேர் கார் ஆயிரம் ரூபாயை ஒட்டி வரும்.

தீபாவளிக்கு இந்த விலை ஏறுமா? பெரும்பாலான ரயில்களில் ஏறாது. ஆனால் மூன்று விதிவிலக்குகள் உண்டு.

• சதாப்தி, ராஜதானி, துரந்தோ ரயில்களில் 2016 செப்டம்பர் முதல் 'ஃப்ளெக்ஸி' கட்டணம் இருக்கிறது. ஒவ்வொரு 10 சதவீத சீட் விற்கும்போதும் அடிப்படைக் கட்டணம் 10 சதவீதம் ஏறும். 2018 மாற்றத்துக்குப் பிறகு உச்சவரம்பு 1.4 மடங்கு. அதாவது 40 சதவீத சீட் விற்றதுமே விலை உச்சத்தைத் தொட்டுவிடும். மீதி எல்லோரும் அந்த உச்ச விலையைத்தான் கொடுக்கிறார்கள். வந்தே பாரத்தில் இந்த முறை இல்லை.

• தட்கல் கூடுதல் கட்டணம். சேர் காருக்கு 125 முதல் 225 ரூபாய் வரை, ஸ்லீப்பருக்கு 100 முதல் 200 வரை, மூன்றாம் வகுப்பு ஏசிக்கு 300 முதல் 400 வரை. கூடுதலுக்கு ஒரு மேல்வரம்பு இருப்பதைக் கவனியுங்கள். 'பிரீமியம் தட்கல்' வேறு. அதில் தேவைக்கு ஏற்ப விலை ஏறும். புக் செய்யும்போது எந்தக் கோட்டாவைத் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

• பண்டிகைக் காலச் சிறப்பு ரயில்கள். இவற்றில் வழக்கமானதைவிடக் கட்டணம் கூடுதல். ஆனால் அறிவிப்பு வந்த அன்றே பார்த்தால் சீட் கிடைக்க வாய்ப்பு அதிகம், ஏனென்றால் இந்த ரயில் இருப்பதே பலருக்குத் தெரியாது.

ஆக, ரயிலில் போட்டி பணத்துக்கு இல்லை, நேரத்துக்கு. 2024 நவம்பர் 1 முதல் முன்பதிவுக் காலம் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைந்துவிட்டது, பயண நாளைச் சேர்க்காமல். நவம்பர் 6 பயணத்துக்கு செப்டம்பர் 7 திங்கள் காலை 8 மணிக்கு முன்பதிவு திறக்கும். சனிக்கிழமை பயணத்துக்கு செப்டம்பர் 8. செவ்வாய் திரும்ப வேண்டும் என்றால் செப்டம்பர் 11. இந்த மூன்று தேதிகளையும் இப்போதே போனில் அலாரம் வைத்துவிடுங்கள்.

அதற்கு முன் ஒரு வேலை: உங்கள் ஐஆர்சிடிசி கணக்கில் ஆதார் சரிபார்ப்பு முடிந்திருக்கிறதா என்று பாருங்கள். 2025 ஜூலை முதல் ஆன்லைன் தட்கலுக்கு இது கட்டாயம். 2025 அக்டோபர் முதல், முன்பதிவு திறக்கும் நேரத்திலும் ஆதார் இணைத்த கணக்குகளுக்கே முதல் வாய்ப்பு. செப்டம்பர் 7 காலை 7.58க்கு இதைக் கண்டுபிடித்தால், அன்றைய டிக்கெட் போச்சு.

வெயிட்டிங் லிஸ்ட் விழுந்தால்? ஆன்லைனில் எடுத்த டிக்கெட் சார்ட் போட்ட பிறகும் உறுதியாகவில்லை என்றால் தானாக ரத்தாகிப் பணம் திரும்பும். கவுன்ட்டர் டிக்கெட்டாக இருந்தாலும், வெயிட்டிங் லிஸ்டோடு முன்பதிவுப் பெட்டியில் ஏற முடியாது. இப்போதெல்லாம் ரயில் கிளம்புவதற்குப் பல மணி நேரம் முன்பே, காலை ரயில் என்றால் முந்தின இரவே, சார்ட் தயாராகிவிடுகிறது. இது ஒரு வசதி. பஸ்ஸுக்கு மாறுவதா வேண்டாமா என்று முடிவு எடுக்க நேரம் கிடைக்கும்.

இன்னொன்று, தீபாவளிக்கே உரியது. ஓசூர் பக்கம் மலிவாகக் கிடைத்தது என்று பட்டாசுப் பையோடு ரயில் ஏறாதீர்கள். ரயில்வே சட்டத்தின் 164ஆவது பிரிவின்படி மூன்று ஆண்டு வரை சிறை, 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் சேர்த்து விதிக்கலாம். விமானத்திலும் பட்டாசுக்கு அனுமதி இல்லை.

பஸ்: சீட் தீராது, விலை ஏறும்

பஸ் என்று ஒரே சொல்லில் சொல்கிறோம். ஆனால் இதில் இரண்டு வேறு உலகங்கள் இருக்கின்றன.

ஒன்று அரசு பஸ். தமிழ்நாட்டின் அரசு விரைவுப் போக்குவரத்துக் கழகம், கர்நாடகத்தின் கேஎஸ்ஆர்டிசி. இவற்றின் கட்டணத்தை நிர்ணயிப்பது அரசுத் தரப்பு. கர்நாடகத்தில் 2025 ஜனவரி 5 முதல் பஸ் கட்டணம் 15 சதவீதம் உயர்ந்தது. அதற்குப் பிறகும் ஏசி இல்லாத அரசு பஸ்ஸில் சென்னைக்குச் சில நூறு ரூபாயில் போய்விடலாம். தமிழ்நாடு அரசு விரைவு பஸ்ஸுக்கு 90 நாள் முன்பே பதிவு செய்யலாம். அதாவது ரயிலுக்கு ஒரு மாதம் முன்பே கதவு திறந்துவிடுகிறது. கேஎஸ்ஆர்டிசியில் போக வர இரண்டையும் சேர்த்துப் பதிவு செய்தால் திரும்பும் கட்டணத்தில் 10 சதவீதமும், நான்கு பேர் அல்லது அதற்கு மேல் ஒரே டிக்கெட்டில் போனால் 5 சதவீதமும் தள்ளுபடி தருவது வழக்கம்.

பெண்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கர்நாடகத்தின் 'சக்தி' திட்ட இலவசப் பயணம் மாநிலங்களுக்கு இடையே ஓடும் பஸ்களுக்குச் செல்லாது. தமிழ்நாட்டின் விடியல் பயணம் சாதாரண நகரப் பேருந்துகளுக்கு மட்டும்தான். எனவே சென்னைக்கான டிக்கெட்டை எல்லோரும் வாங்கித்தான் ஆக வேண்டும்.

இன்னொன்று ஆம்னி பஸ். வார நடுவில் எழுநூறு, எண்ணூறுக்குக் கிடைக்கிற ஸ்லீப்பர் படுக்கை, பண்டிகைக்கு முந்தின இரவு இரண்டு மூன்று மடங்கு ஆவதை நீங்களே பார்த்திருப்பீர்கள். ஏன் இப்படி?

சட்டப்படி இவை ஊர் ஊராக நின்று ஆள் ஏற்றும் வழித்தட பஸ்கள் அல்ல. ஒப்பந்த ஊர்தி என்ற வகையில் அனுமதி பெற்றவை. மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 67ஆவது பிரிவு, ஒப்பந்த ஊர்திகளுக்கும் கட்டணம் நிர்ணயிக்கும் அதிகாரத்தை மாநில அரசுகளுக்குத் தருகிறது. ஆனாலும் ஆம்னி பஸ் கட்டணத்தை நடைமுறையில் உரிமையாளர்களும் அவர்களது சங்கங்களுமே முடிவு செய்கிறார்கள். பண்டிகை நேரத்தில் 'அதிகக் கட்டணம் வசூலித்தால் நடவடிக்கை' என்று அறிவிப்பு வருகிறது, சில பஸ்களுக்கு அபராதம் போடுகிறார்கள். ஆனால் எது 'அதிகம்' என்பதற்கே தெளிவான எல்லை இல்லாதபோது புகாருக்கு வலு குறைவு.

உரிமையாளர்கள் தரப்பிலும் ஒரு கணக்கு இருக்கிறது. நவம்பர் 6 இரவு பெங்களூருவிலிருந்து நிரம்பிப் போகும் பஸ், மறுநாள் ஏறக்குறைய காலியாகத் திரும்ப வேண்டும். டீசல், சுங்கம், டிரைவர் சம்பளம் இரண்டு பக்கத்துக்கும் ஒன்றுதான். போகிறவரிடமே திரும்பும் செலவையும் வாங்குகிறார்கள். கட்டணம் ஓரளவு ஏறுவதற்கு இது காரணம். மூன்று மடங்கு ஏறுவதற்கு இது மட்டும் காரணம் அல்ல; வேறு வழியில்லாத பயணிதான் மீதிக் காரணம்.

விலையோடு பாதுகாப்பையும் பாருங்கள். 2025 அக்டோபர் 24 அதிகாலை கர்நூல் அருகே, ஹைதராபாத்திலிருந்து பெங்களூரு வந்துகொண்டிருந்த தனியார் ஸ்லீப்பர் பஸ் பைக் மீது மோதித் தீப்பிடித்ததில் பஸ்ஸில் இருந்த 19 பேர் இறந்தார்கள். ஏறியதும் செய்ய வேண்டியது இரண்டே நிமிட வேலை: அவசர வழி எங்கே இருக்கிறது, கண்ணாடி உடைக்கும் சுத்தியல் எங்கே மாட்டியிருக்கிறது என்று பாருங்கள். அவசரக் கதவுக்கு முன்னால் மூட்டை அடுக்கியிருந்தால் எடுக்கச் சொல்லுங்கள்.

விமானம்: ஒரு மணி நேரப் பயணத்துக்கு ஐந்தரை மணி நேரம்

பெங்களூரு–சென்னை விமானம் வானில் இருப்பது ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. ஆனால் தேவனஹள்ளி விமான நிலையம் நகர மையத்திலிருந்து சுமார் 35 கிலோமீட்டர். மெட்ரோ இன்னும் அங்கே போய்ச் சேரவில்லை. சென்னையில் விமான நிலையத்திலிருந்தே மெட்ரோவும், சாலையைக் கடந்தால் திரிசூலத்தில் புறநகர் ரயிலும் இருக்கின்றன. சிரமம் பெங்களூரு பக்கத்தில்தான்.

விமானக் கட்டணத்தில் ஒரே வரிசை சீட்டுக்கே பல விலை இருக்கும். மலிவான அடுக்கு தீர்ந்ததும் அடுத்த அடுக்கு திறக்கும். சாதாரண நாளில் அரசு இதில் தலையிடுவதில்லை. 2025 டிசம்பரில் இண்டிகோ விமானங்கள் பெருமளவில் ரத்தாகிக் கட்டணங்கள் எகிறியபோது மட்டும், மத்திய அரசு தற்காலிக வரம்பு விதித்தது. 500 கிலோமீட்டருக்குள் உள்ள தடங்களுக்கு அந்த உச்சவரம்பு 7,500 ரூபாய். சென்னை தடம் இந்தப் பிரிவில்தான் வரும். நெருக்கடி நேரத்தில் அரசே நியாயம் என்று கருதிய மேல் எல்லை இது. தீபாவளிக்கு இதை நெருங்கும் விலையைப் பார்த்தால், வேறு வழி தேடலாம் என்பதற்கு அதுவே அடையாளம்.

கார்: எத்தனை பேர் போகிறீர்கள்?

ஓசூர், கிருஷ்ணகிரி, வேலூர், ஸ்ரீபெரும்புதூர் வழியாகச் சென்னைக்குச் சுமார் 345 கிலோமீட்டர். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுக்கும் காருக்கு 23 லிட்டர் பெட்ரோல் வேண்டும். லிட்டர் 103 ரூபாய் என்று வைத்தால் 2,369 ரூபாய். சுங்கச்சாவடிகளுக்கும் எலெக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்துக்கும் சேர்த்து 600 ரூபாய் ஒதுக்குங்கள். ஆக ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய 3,000.

ஒருவர் மட்டும் போனால் 3,000. நான்கு பேர் போனால் தலைக்கு 750. அதாவது நான்கு பேர் குடும்பத்துக்கு வந்தே பாரத்தைவிட கார் மலிவு. ஸ்லீப்பர் ரயிலையும் ஏசி இல்லாத அரசு பஸ்ஸையும்விடச் செலவு அதிகம். டயர் தேய்மானமும் சர்வீஸும் இந்தக் கணக்கில் இல்லை.

வருஷத்தில் பல முறை போய் வருபவர் என்றால் ஃபாஸ்டேக் ஆண்டு பாஸைப் பாருங்கள். 2025 ஆகஸ்ட் 15இல் அறிமுகமானபோது 3,000 ரூபாய்க்கு 200 முறை தேசிய நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடியைக் கடக்கலாம் என்று வந்தது. அந்தக் கணக்கில் ஒரு சாவடிக்கு 15 ரூபாய்தான்.

நேரம்? சாதாரண நாளில் ஆறு, ஏழு மணி நேரம். பண்டிகை வெள்ளி மாலையில் சில்க் போர்டிலிருந்து அத்திப்பள்ளியைத் தாண்டுவதற்கே பொறுமை வேண்டும். விடிகாலை 4 மணிக்குக் கிளம்புவது நல்லது. இரவு முழுக்க ஓட்டுவது வேண்டாம்; வெள்ளிக்கிழமை முழுநாள் வேலை பார்த்த ஒருவர் அன்று இரவே 345 கிலோமீட்டர் ஓட்டக்கூடாது. 2022 மே 26இல் அடிக்கல் நாட்டப்பட்ட 262 கிலோமீட்டர் பெங்களூரு–சென்னை விரைவுச்சாலை முழு நீளத்துக்கும் திறக்கும்போது இந்தக் கணக்கு மாறும்.

வாசல் முதல் வாசல் வரை: உங்கள் ஏரியா எது?

டிக்கெட்டில் போட்டிருக்கும் நேரம் நிலையத்திலிருந்து நிலையத்துக்கு. நமக்கு வேண்டியது வீட்டிலிருந்து வீட்டுக்கு. உதாரணத்துக்கு தாம்பரத்தில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போவதாக வைத்துக்கொண்டு இரண்டு ஏரியாக்களுக்குக் கணக்குப் போட்டோம். சாலை நேரம் சராசரி மதிப்பீடு. உங்கள் அனுபவத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

எலெக்ட்ரானிக் சிட்டியிலிருந்து:
• வந்தே பாரத்: 2025 ஆகஸ்டில் திறந்த மஞ்சள் மெட்ரோவில் ஆர்.வி.ரோடு, அங்கே பச்சைக்கு மாறி மெஜஸ்டிக், 1 மணி 15 நிமிடம். நிலையத்தில் 25 நிமிடம். ரயிலில் 4 மணி 25 நிமிடம். சென்ட்ரலில் இறங்கி, பார்க் நிலையத்தில் மின்சார ரயில் பிடித்துத் தாம்பரம், 1 மணி 15 நிமிடம். மொத்தம் 7 மணி 20 நிமிடம்.
• விமானம்: விமான நிலையம் போக 2 மணி நேரம், முன்கூட்டியே இருக்க வேண்டியது ஒன்றரை மணி, பறக்க 1 மணி, வெளியே வர அரை மணி, தாம்பரம் போக 40 நிமிடம். மொத்தம் 5 மணி 40 நிமிடம்.

எலஹங்காவிலிருந்து:
• வந்தே பாரத்: மெஜஸ்டிக் போக 1 மணி நேரம். மீதி அதேதான். மொத்தம் 7 மணி 5 நிமிடம்.
• விமானம்: விமான நிலையம் 35 நிமிடம். மொத்தம் 4 மணி 15 நிமிடம்.

இப்போது பணம். விமான டிக்கெட் 4,000 ரூபாய் என்று வைப்போம். எலெக்ட்ரானிக் சிட்டியிலிருந்து டாக்ஸி 1,400 என்றால் மொத்தம் 5,400. ரயில், மெட்ரோ சேர்த்து 1,100. கூடுதலாகக் கொடுக்கும் 4,300 ரூபாய்க்கு மிச்சமாவது 1 மணி 40 நிமிடம். மணிக்கு 2,580 ரூபாய். எலஹங்காவில் டாக்ஸி 600 என்றால் விமானச் செலவு 4,600. ரயிலுக்கும் மெஜஸ்டிக் போவதற்கும் சேர்த்து 1,200. 3,400 ரூபாய்க்கு மிச்சம் 2 மணி 50 நிமிடம். மணிக்கு 1,200 ரூபாய்.

அதே விமானம், அதே டிக்கெட். எலெக்ட்ரானிக் சிட்டிக்காரர் ஒரு மணி நேரத்தை வாங்கும் விலை எலஹங்காக்காரரைவிட இரண்டு மடங்குக்கும் மேல். நண்பர் சொன்னார் என்று ஃப்ளைட் எடுக்கும் முன், நண்பர் எங்கே குடியிருக்கிறார் என்று கேளுங்கள்.

ஒயிட்ஃபீல்டு பக்கம் இருப்பவர்கள் மெஜஸ்டிக் வரவே வேண்டாம். கிருஷ்ணராஜபுரத்தில் நிற்கும் சென்னை ரயில்கள் பல. 2023 அக்டோபர் முதல் ஊதா மெட்ரோ அந்த நிலையத்தை நகரின் மறு பக்கத்தோடு இணைத்துவிட்டது. டிக்கெட் எடுக்கும்போது ஏறும் நிலையத்தைச் சரியாகக் கொடுங்கள்.

திரும்பி வரும்போது இன்னொரு செலவு ஒளிந்திருக்கிறது. சென்னையிலிருந்து இரவு மெயிலில் வந்தால் விடிவதற்கு முன்பே பெங்களூருவில் இறங்குவீர்கள். 2025 ஆகஸ்ட் 1 முதல் ஆட்டோ கட்டணம் முதல் 2 கிலோமீட்டருக்கு 36 ரூபாய், பிறகு கிலோமீட்டருக்கு 18. இரவு 10 முதல் காலை 5 வரை ஒன்றரை மடங்கு. 15 கிலோமீட்டர் போக, மீட்டர்படியே 405 ரூபாய் ஆகிறது. சென்னையிலிருந்து பெங்களூரு வந்த ஸ்லீப்பர் டிக்கெட்டைவிட அதிகம்! காலை 5 மணிக்கு மெட்ரோ தொடங்கும் வரை நிலையத்தில் ஒரு காபி குடித்துக் காத்திருப்பது லாபம். திங்கள்கிழமைகளில் மெட்ரோ 4.15க்கே தொடங்கிவிடும்.

அப்போ யாருக்கு அதிகம் செலவாகிறது?

மேலே சொன்னதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் ஒன்று தெரியும். 60 நாள் முன்பே தேதி சொல்ல முடிந்தவர் 300 ரூபாயில் ஸ்லீப்பரிலோ ஆயிரம் ரூபாயில் வந்தே பாரத்திலோ போகிறார். இரண்டு நாள் முன்னால்தான் லீவு தெரியும் என்பவர் ஆம்னி பஸ்ஸுக்கு 1,800 கொடுக்கிறார்.

லீவு கடைசியில் உறுதியாவது யாருக்கு? செக்யூரிட்டி வேலை பார்ப்பவர், ஹோட்டலில் ஷிஃப்ட் போடுபவர், கட்டட வேலைக்கு வந்தவர், மருத்துவமனை ஊழியர். மாதம் 18,000 சம்பளம் என்றால் நாளுக்கு 600 ரூபாய். ஒரு பக்கத்து டிக்கெட்டுக்கு மூன்று நாள் சம்பளம். முன்கூட்டியே திட்டமிட முடிந்தவர்களுக்கு மலிவு, முடியாதவர்களுக்கு அபராதம். பண்டிகை டிக்கெட் சந்தை இப்படித்தான் இயங்குகிறது.

இதைக் குறைக்க வழி இருக்கிறது. சிறப்பு ரயில்களையும் கூடுதல் அரசு பஸ்களையும் பண்டிகைக்குச் சில நாள் முன்பு அறிவிக்காமல் மாதக் கணக்கில் முன்பே அறிவிக்கலாம். ஆம்னி பஸ்ஸுக்குப் பண்டிகைக்கால மேல்வரம்பை இரு மாநிலங்களும் பேசி அறிவிக்கலாம். நிறுவனங்கள் லீவுப் பட்டியலை செப்டம்பர் முதல் வாரத்தில் போட்டாலே, அங்கு வேலை பார்ப்பவர்களுக்கு அது போனஸுக்குச் சமம்.

சென்னைக்கு இல்லை, இன்னும் தெற்கே போகணுமா?

கோவைக்கு 2023 டிசம்பர் 30 முதலும், மதுரைக்கு 2024 ஆகஸ்ட் 31 முதலும் பெங்களூரு கன்டோன்மென்ட்டிலிருந்து வந்தே பாரத் ஓடுகிறது. இரண்டும் பெங்களூருவில் மதியம் கிளம்பி இரவில் போய்ச் சேர்பவை. மதுரைக்கு எட்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். அதாவது அரை நாள் லீவு போக வேண்டும். இரவு பஸ்ஸில் கிட்டத்தட்ட அதே நேரம்தான், ஆனால் தூங்கிக்கொண்டே போகலாம், லீவு மிச்சம். ஒப்பிடும்போது லீவையும் ஒரு செலவாகச் சேருங்கள்.

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, கிருஷ்ணகிரி பக்கம் போகிறவர்களுக்கு விமானம் பேச்சே இல்லை. பகல் ரயிலோ பஸ்ஸோதான்.

இன்று எந்தத் தேதியில் இருக்கிறீர்கள்? அதைப் பொறுத்து:

• 60 நாளுக்கு மேல் இருக்கிறதா: ஆதார் சரிபார்ப்பை முடியுங்கள். அரசு விரைவு பஸ்ஸில் ஒரு சீட் பதிவு செய்து வைத்துக்கொண்டு, ரயில் திறக்கும் காலை 8 மணிக்கு முயலுங்கள். ரயில் கிடைத்ததும் பஸ்ஸை ரத்து செய்யுங்கள். ரத்துக் கட்டணம் எவ்வளவு என்று முதலிலேயே பார்த்துவிடுங்கள்.

• ஒரு மாதம் இருக்கிறதா: பெரும்பாலான ரயில்களில் வெயிட்டிங் லிஸ்ட்தான் இருக்கும். வியாழன் இரவு, சனி மதியம் என்று நேரத்தை மாற்றித் தேடுங்கள். விமானக் கட்டணத்தை வாசல் கணக்கோடு ஒப்பிடுங்கள். நான்கு பேர் என்றால் காரைப் பற்றி யோசிக்கலாம்.

• ஒரு வாரம் இருக்கிறதா: சிறப்பு ரயில் அறிவிப்புகளையும் கூடுதல் கேஎஸ்ஆர்டிசி, தமிழ்நாடு அரசு பஸ் அறிவிப்புகளையும் தினமும் பாருங்கள்.

• நாளைக்குப் பயணமா: தட்கல், ஏசி வகுப்புக்குக் காலை 10 மணி, மற்றவற்றுக்கு 11 மணி. முதல் அரை மணி நேரம் ஏஜென்ட்டுகள் எடுக்க முடியாது; அந்த நேரம் உங்களுடையது. உறுதியான தட்கல் டிக்கெட்டை நீங்களாக ரத்து செய்தால் பணம் திரும்பாது என்பதை நினைவில் வையுங்கள்.

• எதுவும் கிடைக்கலையா: முன்பதிவில்லாத வழி எப்போதும் திறந்திருக்கிறது. மஞ்சள் மெட்ரோவில் பொம்மசந்திரா வரை போய், பஸ்ஸில் அத்திப்பள்ளி, ஓசூர். ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி, வேலூர், சென்னை என்று தமிழ்நாடு அரசு பஸ்களில் மாறி மாறிப் போகலாம். நேரம் கூடும், அங்கங்கே நிற்க வேண்டியிருக்கும். குழந்தைகளும் பெரியவர்களும் இருந்தால் இரவில் இதை முயல வேண்டாம். சனி விடிகாலையில் கிளம்பினால் வெளிச்சம் இருக்கும்போதே வீடு போய்ச் சேரலாம்.